செம்பைத் தின்னும் பச்சைத்தூள்

மண்ணுக்கடியில் பல நூற்றாண்டு கிடந்த செப்புத் திருமேனி வெளியே வந்ததும் சிலர் புளியைத் தேடுகிறார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிவிடும் ஆசைதான். அந்தப் பளபளப்போடு சிலையின் வரலாறும் கரைந்து போகிறது.

களிம்பு எல்லாமே கெடுதி என்று எண்ண வேண்டாம். வழவழப்பாகக் கெட்டியாகப் படிந்த பச்சைக் களிம்பு உலோகத்துக்குக் காப்பு. பயப்பட வேண்டியது வெளிர்பச்சையாக, தொட்டால் உதிரும் தூளுக்குத்தான். 'வெண்கல நோய்' என்பது அதன் பெயர். மண்ணின் உப்பிலிருந்து வரும் குளோரைடு, செம்போடு சேர்ந்து சிலைக்குள் பதுங்கியிருக்கும். காற்றும் ஈரமும் பட்டதும் அது பச்சைத்தூளாகும். கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிறக்கும். அந்த அமிலம் அடுத்த செம்பை அரித்து மறுபடி குளோரைடாக்கும். ஈரம் இருக்கும்வரை இந்தச் சுற்று ஓயாது. கடலோரச் சென்னையில் இது எவ்வளவு பெரிய தொல்லை என்று சொல்ல வேண்டியதில்லை.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் பிறந்தது. அதன் முன்னோடி எஸ். பரமசிவன். சிலையை எதிர்மின்வாயாக வைத்துக் காரக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி, குளோரைடை வெளியே இழுக்கும் முறையை அங்கே அவர் கையாண்டார். அன்றைக்கு அது பெரிய துணிச்சல். ஆனால் அந்த முறை களிம்பையும் சேர்த்து உரித்துவிடும். அதனால் இன்று பெரும்பாலும் பென்சோட்ரையசோல் போன்ற, செம்பின் மேல் மெல்லிய காப்புப் படலம் போடும் வேதிப்பொருளையும், ஈரம் குறைந்த காட்சிப் பெட்டியையும் நம்புகிறார்கள்.

மேற்பரப்பு அழுக்குக்கு எவ்வளவு மதிப்பு என்பதைப் பத்தூர் நடராசர் காட்டினார். 1976இல் தஞ்சைப் பகுதியின் பத்தூரில் தோண்டியபோது கிடைத்து, கடத்தப்பட்டு லண்டன் போன சோழர் காலச் சிலை அது. ஊரில் மிஞ்சிய மற்றச் சிலைகளோடு இதுவும் ஒரே குழியில் கிடந்தது என்பதற்கு, ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமும் நீதிமன்றத்தில் சான்றாகின. 1988இல் லண்டன் உயர் நீதிமன்றத் தீர்ப்பு இந்தியத் தரப்புக்குச் சாதகமாக வந்தது. 1991இல் நடராசர் நாடு திரும்பினார். யாராவது முதல் நாளே புளி போட்டுத் தேய்த்திருந்தால் அந்தச் சான்று இருந்திருக்காது.

வீடு கட்டவோ வாய்க்கால் வெட்டவோ தோண்டும்போது சிலை தட்டுப்பட்டால் கழுவாதீர்கள், துடைக்காதீர்கள். ஒட்டிய மண்ணோடு அப்படியே விட்டு, வட்டாட்சியருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ உடனே தகவல் கொடுங்கள்.