சைலன்சரை மாற்றியவர்கள் காபரேற்றரையும் பார்க்க வேண்டும்

கிளிநொச்சியில் ஒரு செய்தி சேகரித்துவிட்டு ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தேன். கொடிகாமத்தைத் தாண்டியதும் என் 150 சிசி மோட்டார் சைக்கிள் இழுவையை விட்டுவிட்டது. அதற்கு முதல் மூன்று வாரமாகவே, அக்சிலேற்றரை விட்டால் சைலன்சருக்குள் பட்பட் என்று வெடிக்கும். ஒழுங்கையில் நிற்கும் பெடியள் திரும்பிப் பார்ப்பார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

கராஜில் பிளக்கைக் கழற்றியபோது அதன் முனை சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாக இருந்தது. "தம்பி, உது சத்தமில்லை. உம்மட எஞ்சினுக்குக் காய்ச்சல்" என்றார் மெக்கானிக் அண்ணை. ஹெட்டைத் திறந்து பார்த்தால் புகை வெளியேறும் வால்வு கருகியிருந்தது.

பழைய உரிமையாளர் இரண்டு வேலை செய்துவிட்டுத்தான் பைக்கை எனக்கு விற்றிருந்தார். அடைப்புக் குறைந்த சைலன்சர் ஒன்றைப் பூட்டியிருந்தார். எயார் பில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, காபரேற்றரின் வாயில் கூம்பு வடிவ பில்டர் ஒன்றை மாட்டியிருந்தார். காபரேற்றரில் கை வைக்கவேயில்லை. 2020 முதல் 2025 வரை தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பழைய காபரேற்றர் பைக்குகளே கைமாறிக்கொண்டிருந்தன. வாங்கியவர்களில் எத்தனை பேர் இப்படியான அரைகுறை வேலையையும் சேர்த்து வாங்கினார்களோ தெரியாது.

பெற்றோல் முழுமையாக எரிய, ஒரு கிராம் பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். முழு வேகத்தில் இழுவை வேண்டுமானால் காற்று 13 கிராம் அளவுக்குக் குறைய வேண்டும். காபரேற்றரில் இந்தக் கணக்கைப் பார்க்கும் மூளை எதுவும் இல்லை. காற்று ஒரு ஒடுங்கிய குழாயால் வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கீழே கிண்ணத்தில் இருக்கும் பெற்றோல், ஜெற் எனப்படும் பித்தளைத் துளைகளால் மேலே உறிஞ்சப்படுகிறது. அந்தத் துளைகளின் அளவைத் தொழிற்சாலை தன் பில்டர் பெட்டிக்கும் தன் சைலன்சருக்கும் ஏற்றபடிதான் தீர்மானித்திருக்கிறது. இரண்டையும் திறந்துவிட்டால் காற்று கூடும். பெட்டியின் தடை இல்லாததால் பெற்றோலை உறிஞ்சும் இழுப்பும் குறையும். இதைத்தான் கராஜ்களில் 'லீன்' என்கிறார்கள். அப்படியான கலவை சிலிண்டருக்குள் ஒழுங்காகப் பற்றாமல் வெளியேறி, சூடான சைலன்சருக்குள் பற்றுகிறது. நான் ரசித்த பட்பட் அதுதான். சைலன்சர் பூட்டும் இடத்தில் கஸ்கெற் கசிந்தாலும் இதே சத்தம் வரும் என்பதால், ஜெற்றைத் தொட முதல் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

அண்ணை வேலையைத் தொடங்கியது மெயின் ஜெற்றில். அக்சிலேற்றரை முக்கால் பங்குக்கு மேல் திருப்பும்போது பெற்றோலைத் தீர்மானிப்பது அது. அதன்மேல் பொறித்த இலக்கம் கூடினால் துளை பெரிது. என்னுடையதில் 110 இருந்தது, 115 போட்டார். பிறகு பூநகரிப் பக்கத்து நேர் வீதியில், வாகனம் இல்லாத நேரம் பார்த்து, மூன்றாம் கியரில் முழுதாக முறுக்கி ஓடி, அப்படியே எஞ்சினை நிறுத்தி, கிளச்சைப் பிடித்து ஓரம் கட்டிப் பிளக்கைப் பார்த்தோம். வெள்ளை என்றால் பெற்றோல் குறைவு. கரிபோலக் கறுப்பு என்றால் கூடுதல். பால்தேநீர் நிறம் வந்தால் சரி. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

நடுப்பகுதி ஊசியின் பொறுப்பு. அதில் இருக்கும் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து பெற்றோல் கூடும். பல புதிய காபரேற்றர்களில் ஊசிக்கு ஒரேயொரு பள்ளம்தான். அங்கே ஊசியின் தலைக்குக் கீழே மெல்லிய வாஷர் போட்டு உயர்த்துகிறார்கள். எஞ்சின் சும்மா இயங்கும்போது பைலற் ஜெற்றும் அதன் பக்கத்துத் திருகும்தான் முக்கியம். இந்தத் திருகில்தான் பலர் பிழை விடுகிறார்கள். திருகு எஞ்சின் பக்கமாக இருந்தால் வெளியே சுழற்றப் பெற்றோல் கூடும். பில்டர் பக்கமாக இருந்தால் வெளியே சுழற்றக் காற்றுத்தான் கூடும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே அதைத் தொட வேண்டும்.

சில இடங்களில் புது ஜெற் வாங்காமல் பழையதையே கம்பியால் குத்திப் பெருப்பிக்கிறார்கள். துளை வட்டமாகவும் இராது, அளவும் தெரியாது. பிறகு திரும்பிப் போக வழியில்லை.

இவ்வளவும் செய்தும் என் பைக் நடு வேகத்தில் திக்கியது. காரணம் கூம்பு பில்டர். என்னுடைய காபரேற்றரில் பிஸ்டனை மேலே தூக்குவது ஒரு றப்பர் சவ்வு. அது அழுத்த வித்தியாசத்தில் வேலை செய்வதால், பெட்டிக்குள் அசையாமல் இருக்கும் காற்று அதற்குத் தேவை. கூம்பு பில்டரோ காற்றைக் கண்டபடி சுழல விடுகிறது. போதாததற்கு நான் செய்தி தேடிப் போகும் கிரவல் வீதிகளின் புழுதி. "உந்தக் கூம்பைக் கழட்டும் தம்பி, இல்லாட்டி அடுத்த முறை சிலிண்டரும் போகும்" என்றார். பழைய பெட்டி ஒன்றைத் தேடிப் பூட்டினோம். பெட்டி வந்ததும் 115 கூடிவிட்டது, பிளக் கறுத்தது. சைலன்சருக்கு 112.5 போதுமாக இருந்தது. வெடிச் சத்தமும் நின்றது.

பெற்றோல் செலவு கூடாதா என்று கேட்பார்கள். 2022இல் வாரத்துக்கு நான்கு லீற்றருக்காகக் கியூஆர் அட்டையுடன் நின்றவன் நான், அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஜெற் பெருத்தால் கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் குறைந்த பெற்றோலில் ஓடிய மூன்று வாரத்தில் நான் மிச்சம் பிடித்தது ஒரு வால்வின் விலைக்குக் கிட்டவும் வராது.

இன்ஜெக்சன் பைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சைலன்சர்க் குழாயில் ஒட்சிசன் சென்சர் இருந்தால், சாதாரண ஓட்டத்தில் சிறிய மாற்றத்தைக் கணினி தானே சரிசெய்யும். முழுதாக முறுக்கும்போது அது சென்சரைப் பார்ப்பதில்லை, தன்னிடம் இருக்கும் அட்டவணையைத்தான் பின்பற்றும். அந்த அட்டவணையை மாற்ற மடிக்கணினியும் தெரிந்த ஆளும் வேண்டும்.

கழற்றிய 110ஐ அண்ணை ஒரு மருந்துப் போத்தலில் போட்டுத் தந்தார். பழைய சைலன்சர் கிடைத்தால் அதைத் திரும்பப் பூட்ட வேண்டும்.