கம்மி விலை அனலாக் சிந்தசைசர்: எதைக் குறைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வாங்குங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா பையன் போன் பண்ணினான். குரலில் அழுகை வராத குறை. "மாமா, சிந்த் வாங்கினேன்ல, அது ரிப்பேர் போல. மூணு கீயைச் சேர்த்து அமுக்கினா ஒரு சத்தம்தான் வருது."

வேலைக்குச் சேர்ந்து மிச்சம் பிடித்த காசில் 22,000 ரூபாய் கொடுத்து, செகண்ட் ஹேண்டில் அவன் வாங்கியிருந்தது கோர்க் மோனோலாக். "ரிப்பேர் இல்லடா, அது அப்படித்தான். பேர்லயே மோனோன்னு இருக்கே" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

அவனுக்கு வேண்டியிருந்தது கார்ட்ஸ், அதாவது மூன்று நான்கு ஸ்வரங்களைச் சேர்த்துப் பிடித்து அதன்மேல் பாடுவது. வாங்குவதற்கு முன் அவன் விற்றவரிடம் கேட்ட ஒரே கேள்வி, "இது ஒரிஜினல் அனலாக்தானே?" என்பது. ஆமாம், ஒரிஜினல் அனலாக்தான். கேள்விதான் தப்பு. ஒரு பொருள் கம்மி விலைக்கு வருகிறது என்றால் எங்கேயோ எதையோ குறைத்திருக்கிறார்கள். எதைக் குறைத்தார்கள், அது இல்லாமல் நமக்கு ஓடுமா என்பதுதான் கேட்க வேண்டியது.

நம்ம ஊரில் சிந்தசைசர் என்றாலே மெல்லிசைக் கச்சேரி மேடையில் இருக்கும் கேசியோ, யமஹா கீபோர்டுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். பியானோ, வயலின், புல்லாங்குழல், தபேலா என்று நூற்றுக்கணக்கில் டோன் இருக்கும், கூடவே ரிதமும் ஓடும். அனலாக் சிந்தில் இதெல்லாம் கிடையாது. பதிவு செய்த வயலின் சத்தம் எதுவும் உள்ளே இல்லை. மின்சுற்றுகள்தான் இருக்கின்றன, சத்தத்தை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

எப்படி என்று புரிய ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். ஒரே சுருதியில் "ஆ..." என்று இழுங்கள். சுருதியை மாற்றாமல் வாயை மெல்லக் குவித்து "ஊ..." ஆக்கி, கடைசியில் உதட்டை மூடி "ம்..." என்று முடியுங்கள். தொண்டையிலிருந்து வருவது கிட்டத்தட்ட அதே அதிர்வுதான். வாய் மூட மூட மேல் ஸ்தாயி அதிர்வுகள் அடைபட்டு, சத்தம் மங்கிக்கொண்டே போகிறது. தொண்டை செய்வது ஆசிலேட்டரின் வேலை, வாய் செய்வது ஃபில்டரின் வேலை. ஆசிலேட்டர் ரம்பப்பல் வடிவ அலையைக் கொடுத்தால் அதில் எல்லா மேலிசைகளும் இருக்கும். சதுர அலை என்றால் ஒற்றைப்படை மேலிசைகள் மட்டும்தான், அதனால் கிளாரினெட் மாதிரி உள்ளே குழிவாகக் கேட்கும். மூன்றாவதாக என்வலப். வீணைத் தந்தியை மீட்டினால் சத்தம் சட்டென்று எழுந்து மெல்ல அடங்குகிறது. நாதஸ்வரத்தில் மூச்சு இருக்கும் வரை நிற்கிறது. அந்த எழுச்சியையும் அடங்கலையும் தீர்மானிப்பது என்வலப். நான்காவது எல்எஃப்ஓ. காதுக்குக் கேட்காத அளவு மெதுவாக ஆடும் ஒரு அலை, மற்ற மூன்றில் எதையாவது ஆட்டி வைக்கும். ஏறக்குறைய எல்லா அனலாக் சிந்திலும் இந்த நாலும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி திருகு இருக்கும் என்பதுதான் இதில் கற்றுக்கொள்பவருக்கு உள்ள பெரிய சௌகரியம். திருகைத் திருப்பினால் என்ன ஆகிறது என்று கை படித்துக்கொள்ளும்.

சரி, விலைக்கு வருவோம். 1970-ல் வந்த மினிமூக் மாடல் டி-யை அந்த மூக் நிறுவனமே 2016-ல் மறுபடி செய்து விற்றபோது விலை 3,499 டாலர். அடுத்த இரண்டே ஆண்டில் பெஹ்ரிங்கர் அதே சுற்றை அடிப்படையாக வைத்து, பெயரும் மாடல் டி என்றே வைத்து, 300 டாலருக்குக் கொண்டுவந்தது. பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. மூக்கின் புகழ்பெற்ற ஏணி ஃபில்டருக்கு 1969-ல் காப்புரிமை கிடைத்தது, அது காலாவதியாகிப் பல காலம் ஆகிவிட்டது. உதிரி பாகங்களைக் கையால் பற்றவைத்த காலம் போய், அரிசியைவிடச் சின்ன பாகங்களை இயந்திரமே பலகையில் ஒட்டுகிறது. இன்னொருவர் வடிவமைப்பை நகலெடுப்பது நியாயமா என்ற சண்டை தனி. எனக்கு அதில் முழு சமாதானம் இல்லை, ஆனால் 3,499 டாலர் கொடுக்கவும் என்னால் முடியாது. இது இரண்டும் உண்மை.

காப்புரிமையும் இயந்திரமும் சேர்ந்து விலையில் ஒரு பகுதியைத்தான் குறைக்கும். மீதியைப் பொருளிலிருந்தே வெட்ட வேண்டியிருக்கிறது. அதில் முதல் வெட்டு, ஒரே நேரத்தில் எத்தனை ஸ்வரம் என்பதில்.

அனலாக்கில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனியாக ஆசிலேட்டர், ஃபில்டர், என்வலப் என்று முழு செட் சுற்று வேண்டும். நாலு ஸ்வரம் சேர்ந்து ஒலிக்க வேண்டுமென்றால் நாலு செட். டிஜிட்டலில் கணக்கு போடும் சிப்பைக் கொஞ்சம் வேகமாக்கினால் போதும், இங்கே அது நடக்காது. 2016-ல் மோனோலாக் 299 டாலருக்கு வந்தது. அதே ஆண்டு வந்த அதன் அண்ணன் மினிலாக், நாலு ஸ்வரம் வாசிக்கும், 499 டாலர். பெரும்பாலும் அந்த 200 டாலர் கூடுதல் சுற்றுகளுக்கான விலை.

இடையில் ஒரு ரகம் இருக்கிறது, பாராஃபோனிக் என்பார்கள். 2013-ல் 150 டாலரை ஒட்டி வந்த கோர்க் வோல்கா கீஸ் இந்த ரகம். மூன்று ஆசிலேட்டர் இருப்பதால் மூன்று ஸ்வரம் சேர்ந்து கேட்கும், ஆனால் மூன்றும் போய்ச் சேர்வது ஒரே ஃபில்டரில். மூணு பேருக்கு ஒரே குடை பிடித்த மாதிரி. ஒரு ஸ்வரம் அடங்கிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றை அமுக்கினால் குடை மொத்தமாக மறுபடி விரியும். நீளமாகப் பிடிக்கும் கார்ட்ஸுக்கு இது பிரச்சினையே இல்லை. பியானோ மாதிரி விரல் ஓட்டினால்தான் தெரியும்.

ஒரே ஸ்வரம் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். ரோலண்ட் டிபி-303 என்று ஒரு சின்ன வெள்ளிநிறப் பெட்டி 1980-களின் தொடக்கத்தில் வந்தது. தனியாக கிட்டார் வாசிப்பவருக்குத் துணையாக பேஸ் வாசிக்கும் என்று சொல்லி விற்றார்கள். பேஸ் கிட்டார் மாதிரி துளிகூட இல்லை, யாரும் வாங்கவில்லை, 1984-லேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் 1982-லேயே மும்பை சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் அதை வைத்து, 808 டிரம் மெஷினும் ஜுபிடர்-8 சிந்தும் சேர்த்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு ரெக்கார்டு போட்டார். அன்றைக்கு அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு சிகாகோ பையன்கள் அடிமாட்டு விலைக்குக் கிடைத்த அதே பெட்டியை முறுக்கி ஆசிட் ஹவுஸ் என்ற இசையை உண்டாக்கினார்கள். 2010-ல் சிங்கின் ரெக்கார்டு மறுபடி வெளிவந்தபோது, இது அதற்கெல்லாம் முந்தியது ஆயிற்றே என்று உலகமே திரும்பிப் பார்த்தது. ராகம் ஒற்றை வரியில் போவது, அந்தப் பெட்டியும் ஒற்றை வரிதான் வாசிக்கும். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகவும் அதற்குத் தெரியும். பொருத்தம் தற்செயல் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது வெட்டு, ஞாபகசக்தி. பெஹ்ரிங்கர் மாடல் டி-யில் நீங்கள் செய்த சத்தத்தைச் சேமிக்க முடியாது. அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு அருமையான சத்தம் செய்தீர்கள், யாரோ தூசி தட்டுகிறேன் என்று நாலு திருகைத் திருப்பிவிட்டால் போச்சு. போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான், அதைப் பார்த்துத் திரும்ப வைத்தாலும் அச்சு அசலாக வராது. வோல்கா கீஸ் எட்டு இசைத்துண்டுகளைச் சேமிக்கும், திருகுகள் நின்ற இடத்தைச் சேமிக்காது. மோனோலாக்கில் 100 இடம், மினிலாக்கில் 200. வீட்டில் தனியாகக் கற்றுக்கொள்பவருக்குச் சேமிப்பு இல்லாதது நல்லது என்றுகூடச் சொல்வேன், தினமும் முதலிலிருந்து செய்து பழகிவிடும். மேடையில் பாட்டுக்குப் பாட்டு சத்தம் மாற வேண்டும் என்றால் சேமிப்பு இல்லாததை வாங்கவே வாங்காதீர்கள்.

மூன்றாவது வெட்டு, கீ. மாடல் டி-யில் கீயே கிடையாது, வெறும் பெட்டி. தனியாக ஒரு மிடி கீபோர்டு வேண்டும், அதையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வோல்காவில் இருப்பது விரல் வைத்தால் ஒலிக்கும் தகடு, அழுத்தம் உணராது. மோனோலாக்கில் 25 ஒல்லிக் கீ, மினிலாக்கில் 37. அக்கா பையனின் மோனோலாக் கீ 'ஈ'-யில் தொடங்கி 'ஈ'-யில் முடியும். ஹார்மோனியம் பழகிய கை 'சி'-யைத் தேடித் தடுமாறும்.

பெட்டிமேல் எழுதியிருப்பதையும் முழுசாக நம்பிவிடக் கூடாது. வோல்கா வரிசையில் கீஸும் பேஸும் அனலாக், எஃப்எம்மும் சாம்பிளும் டிஜிட்டல். பார்க்க எல்லாம் ஒரே அளவுதான். பழைய ரோலண்ட் ஜூனோ மாதிரியே இருக்கும் குட்டி ஜேயு-06, கணக்கு போட்டு அனலாக்கைப் போலச் செய்யும் டிஜிட்டல். ஆர்ட்டூரியா மைக்ரோஃப்ரீக்கில் ஆசிலேட்டர் டிஜிட்டல், ஃபில்டர் மட்டும் அனலாக். இதெல்லாம் மட்டம் என்று சொல்லவில்லை, மைக்ரோஃப்ரீக் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

அனலாக்கைத்தான் வாங்க வேண்டுமா என்றால், கட்டாயம் இல்லை. கம்ப்யூட்டர் இருந்தால் விசிவி ரேக் என்ற மென்பொருளை இலவசமாக இறக்கி, ஆசிலேட்டர், ஃபில்டர், என்வலப் மூன்றையும் வயர் இழுத்து இணைத்து ஒரு மாதம் விளையாடிப் பாருங்கள். ஒரு மாதம் கழித்தும் மவுஸில் திருகைத் திருப்புவது எரிச்சலாக இருந்தால் பெட்டி வாங்குங்கள். மவுஸே போதும் என்று தோன்றினால் அந்தக் காசில் நல்ல ஹெட்போன் வாங்கலாம்.

அசல் அனலாக் ஆசிலேட்டருக்கு இன்னொரு குணம் உண்டு. சூடு ஏறினால் சுருதி நகரும். சுருதியைத் தீர்மானிக்கும் டிரான்சிஸ்டர் வெப்பத்துக்கு ஏற்ப மாறுவதால் இப்படி ஆகிறது. மின்விசிறிக்கடியில் ட்யூன் பண்ணிவிட்டு ஏசியைப் போட்டால் வித்தியாசம் கேட்கலாம். புதிய கருவிகள் பலவும் தாங்களே சரிசெய்துகொள்கின்றன. மாடல் டி மாதிரி பழைய வழி வடிவமைப்பு என்றால் போட்டுக் கால் மணி நேரமாவது சூடாக விட்டுவிட்டு அப்புறம் சுருதி சேர்ப்பது நல்லது. தம்புரா வைத்துப் பழகியவர்களுக்கு இது புதுசு இல்லை.

சுருதி என்றதும், மோனோலாக்கில் உள்ள ஒரு வசதியை அக்கா பையனுக்குக் காட்டினேன். ஒவ்வொரு ஸ்வரத்தையும் சென்ட் கணக்கில் ஏற்றி இறக்கலாம். அரை ஸ்வரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். சாதாரண கீபோர்டில் அந்தர காந்தாரம் ஸட்ஜத்திலிருந்து 400 சென்ட். தம்புராவின் ஸட்ஜத் தந்தியில் தானாக எழும் காந்தாரம் ஏறக்குறைய 386. கீபோர்டு காந்தாரம் தம்புராவோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்பது இதனால்தான். காந்தாரத்தை 14 சென்ட் இறக்கி, பஞ்சமத்தை 2 சென்ட் ஏற்றி, போனில் தம்புராவை ஓடவிட்டு வாசிக்கச் சொன்னேன். இந்த வசதியை வடிவமைக்க கோர்க்குக்கு யோசனை சொன்னவர் ஏஃபெக்ஸ் ட்வின், இங்கிலாந்தின் எலெக்ட்ரானிக் இசைக்காரர். கமகம் இதனால் வந்துவிடாது, அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்லைடரை விரலால் பழக்க வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் நேரில் போய், ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு திருகையும் மெல்லத் திருப்பிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே தூசி. பெரும்பாலும் சுத்தம் பண்ணிவிடலாம், ஆனால் விலை பேச அது ஒரு காரணம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்புகூலியும் சுங்கவரியும் சேர்த்துத்தான் விலை. அமெரிக்காவில் வாங்கிய அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டுமானதாக இருக்கலாம். நம்ம 230-ல் செருகும் முன் அதன்மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

அடாப்டரில் இன்னொரு விஷயம். கோர்க் வோல்கா, மோனோலாக் இரண்டும் 9 வோல்ட், பிளக்கின் நடுமுனை பாசிட்டிவ். கிட்டார் பெடல்களுக்கு வரும் 9 வோல்ட் அடாப்டர்கள் பெரும்பாலும் நடுமுனை நெகட்டிவ். வோல்ட் சரியாக இருக்கிறதே என்று மாற்றிச் செருகிவிட்டால் கருவி போய்விடலாம். சந்தேகமாக இருந்தால் பென்டார்ச் பேட்டரி ஆறு போடுங்கள், இரண்டுமே அதிலும் ஓடும். அக்கா பையன் இப்போது அப்படித்தான் ஓட்டுகிறான். கார்ட்ஸுக்குப் பழைய கேசியோவை எடுத்துத் தூசி தட்டியிருக்கிறான், மோனோலாக்கில் பேஸ் மட்டும்.