உண்ணிச்செடியில் பிறந்த யானைகள்

கூடலூர்ப் பக்கம் உண்ணிச்செடியைத் தெரியாதவர் இல்லை. மஞ்சளும் ரோஸுமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். இலையைக் கசக்கினால் காட்டமான வாடை, தண்டெல்லாம் முள். அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடியான இதை ஆங்கிலேயர் அழகுக்காக இங்கே கொண்டுவந்து 200 ஆண்டுகள் ஆகின்றன. பழத்தைத் தின்ற பறவைகள் காடெங்கும் விதைத்துவிட்டன. இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளில் 40 விழுக்காட்டுக்கு மேல் இன்று இது பரவியிருக்கிறது. மாடு தின்றால் ஈரல் கெடும். புதர் அடர்ந்த இடத்தில் புல் தலையெடுக்காது. நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் தீனி தேடும் யானைக்கு அது பெரிய இழப்பு.

அந்தச் செடியைக் கொண்டே கூடலூரில் நிஜ அளவு யானைகளைச் செய்கிறார்கள். யானை ஆய்வாளர் தார்ஷ் தேக்கேகராவும் ரூத் கணேஷும் முன்னெடுத்த முயற்சி இது. செய்பவர்கள் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோலிகர் ஆகிய பழங்குடிக் கலைஞர்கள். வெட்டி வந்த கொம்புகளை வேகவைத்தால் பட்டை உரிந்து வரும், கொம்பும் வளைந்து கொடுக்கும். அவற்றை இரும்புச் சட்டத்தின்மேல் ஒவ்வொன்றாக வளைத்து ஆணி அடிக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் குச்சிகள் ஓடும் போக்கிலேயே தோலின் சுருக்கமும் தசையின் திரட்சியும் தெரியும்.

பொதுவாக 'ஒரு யானை' என்று இவர்கள் செய்வதில்லை. ஊரைச் சுற்றி நடமாடும் யானைகளில் இன்னதென்று குறித்துக்கொண்டு, அதன் படங்களைப் பார்த்துச் செய்கிறார்கள். யானைக்கு யானை வித்தியாசம் உண்டு. வயதாக ஆகக் காதின் மேல்விளிம்பு மடியும். ஒன்றின் காதில் கிழிசல், ஒன்றின் வாலில் முடி உதிர்ந்திருக்கும். தந்தம் விரிந்த கொம்பன் உண்டு, தந்தமே இல்லாத மக்னாவும் உண்டு. இதையெல்லாம் கவனிக்காமல் கை ஓடாது.

எனக்குப் பெரும் வியப்பு இதில்தான். தேயிலைத் தோட்டத்திலும் வீட்டு வாசலிலும் யானை வந்து நிற்கும் ஊர் கூடலூர். யானையால் மனிதர் சாவதும் அங்கே நடக்கிறது. அந்த அச்சத்தோடு வாழ்பவர்களின் கையில் உருவான யானைகளில் சீற்றம் இல்லை, தெய்வக்களையும் இல்லை. குட்டியை அணைத்து நிற்கும் தாய், ஓரமாக நிற்கும் கொம்பன் என்று தெரிந்த அண்டை வீட்டாரைப் போலவே இருக்கின்றன.

2021-இல் இந்த யானைகள் லண்டன் கிரீன் பார்க்கில் நின்றன. 2024-இல் 100 யானைகள் அமெரிக்காவில் நியூபோர்ட், நியூயார்க், மயாமி பீச் என்று ஊர் ஊராகப் போயின. நியூயார்க்கில் நடைபாதையில் போவோர் துதிக்கையைத் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு அருகில் அவை நின்றன. விற்ற பணம் மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழ உதவும் பணிகளுக்குப் போகிறது.

ஆனால் எத்தனை யானை செய்தாலும் காட்டிலுள்ள உண்ணி தீர்ந்துவிடாது. தண்டை மட்டும் வெட்டினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டிப் பிடுங்க வேண்டும், அடுத்தடுத்த மழையில் முளைக்கும் கன்றுகளையும் விடாமல் களைய வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்த இடத்தில் யானைக்கான புல் வரும்.