ரேடியேட்டர்த் தண்ணீரை மாற்றும் முறை

டீசல் ஊற்றாமல் எவரும் டிராக்டரை வயலுக்கு ஓட்டிச் செல்வதில்லை. என்ஜின் எண்ணெயையும் ஓட்டுநர்கள் பெரும்பாலும் கவனித்துவிடுகின்றனர். மூன்றாவதாக ஒரு திரவமும் அவ்வியந்திரத்தினுள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதுவும் நாளடைவில் கெட்டுப்போகும். ஆயினும் ரேடியேட்டர் கொதித்து ஆவி சீறுகின்ற அன்றுதான் அது நம் அங்கத்தினர்களில் பலருக்கு நினைவு வருகிறது. அந்த நாள் பெரும்பாலும் நடவுக்கு முந்திய வாரமாகவே அமைந்துவிடுகிறது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. சேற்றுழவின்போதுதான் இயந்திரம் முழுப் பலத்துடன் மணிக்கணக்காக உழைக்கிறது. குறையிருந்தால் அப்போதே வெளிப்படும்.

எரிகின்ற டீசலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே உழைப்பாக மாறுகிறது. ஒரு பங்கு புகையுடன் வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியை என்ஜினின் சுவர்களுக்குள் சுற்றிவரும் தண்ணீரே ஏற்று, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. இந்தச் சுற்று தடைப்பட்டால் ஹெட் கேஸ்கட் எரியும், ஹெட் வளையும், இன்னும் ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரைப் பற்றிக்கொள்ளும். சில நூறு ரூபாய்ச் செலவில் முடிந்திருக்க வேண்டிய காரியம் பல பதினாயிரங்களில் போய் நிற்கும்.

தண்ணீர் எப்படிக் கெடுகிறது என்பதை நெசவாளர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்பதும், சாயம் சீராகப் பிடிக்காது என்பதும், சாயப்பட்டறைப் பாய்லரின் உட்சுவரில் வெள்ளைக் காரை படியும் என்பதும் அவர்கள் அறிந்தவை. அதே காரைதான் ரேடியேட்டரிலும் படிகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து, சூடேறும்போது பிரிந்து உலோகத்தில் ஒட்டிக்கொள்கிறது. இரும்போடு ஒப்பிட்டால் இந்தக் காரை வெப்பத்தைக் கடத்தும் திறன் பன்மடங்கு குறைவு. ஆகவே தண்ணீர் நிறைந்திருந்தும் என்ஜின் சுடுகிறது. துருவும் சேர்ந்துகொண்டால் ரேடியேட்டரின் கீழ்க் குழாய்கள் அடைபடுகின்றன.

வெறுந் தண்ணீருக்குப் பதிலாகக் கூலண்ட் ஊற்றச் சொல்வதன் காரணமும் இதுவே. எத்திலீன் கிளைகால் என்னும் திரவத்துடன் துருத் தடுப்பு மருந்துகள் கலந்தது அது. குளிர் நாடுகளில் தண்ணீர் உறைந்து என்ஜின் வெடிக்காதிருக்க அதை ஊற்றுகின்றனர். நம் ஊரில் உறைவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். நமக்கு வேண்டியவை துருத் தடுப்பும் கொதிநிலை உயர்வுமே. பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட், திறந்த பாத்திரத்திலேயே சுமார் 107 டிகிரி சென்டிகிரேடில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் அதை மேலும் உயர்த்துகிறது. சதுர அங்குலத்திற்கு 15 பவுண்டு அழுத்தமுள்ள மூடியின் கீழ் வெறுந் தண்ணீர்கூட 121 டிகிரி வரை கொதிக்காது. உதகமண்டலத்தின் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுவதால், மலைமேல் தேயிலை மூட்டை ஏற்றும் வண்டிகளுக்கு நல்ல மூடி இன்னும் அவசியம். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் புதிய மூடி வாங்குவதில் சிக்கனம் பார்க்கலாகாது.

தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில், வாடகைக்கு விடப்படும் டிராக்டரின் தினசரிப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். டீசல் அளவு, ஓடிய மணி, வசூலான தொகை யாவும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. ரேடியேட்டரைப் பற்றி மட்டும் ஓராண்டு முழுவதிலும் ஒரு வரியும் இல்லை. பக்கத்துப் பம்புசெட்டில் பிடித்த நீரையே அவ்வப்போது ஊற்றி வந்திருக்கின்றனர். குறுவை உழவின் நடுவில் ஹெட் கேஸ்கட் போய், வண்டி பட்டறையில் நின்றது. அங்கத்தினர்கள் வெளியாரிடம் கூடுதல் வாடகை கொடுத்து உழுதனர். பழுதுச் செலவு கணக்கில் ஏறியது. உழவு தவறியவர்களின் நஷ்டம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இந்த வேலைக்குப் பட்டறை தேவையில்லை. வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் என்ஜின் முற்றும் ஆறியிருக்க வேண்டும். இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் எடுத்துக்கொள்வது உத்தமம். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்து முகமும் கையும் வெந்தவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பர். ஆறியபின்னும் மூடிமேல் கனத்த துணியைப் போட்டு, முதற் பள்ளம் வரை மட்டும் திருப்பிச் சற்றே நிறுத்தி, சீறல் இல்லையென்று தெரிந்த பிறகே முழுதும் திறக்க வேண்டும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். ரேடியேட்டரின் அடியிலுள்ள திருகைத் திறந்து, வரும் நீரை அகன்ற பாத்திரத்தில் பிடியுங்கள். என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டிலும் பெரும்பாலும் ஒரு டிரெயின் பிளக் இருக்கும். அதைத் திறவாவிட்டால் பழைய நீரில் கணிசமான பகுதி உள்ளேயே தங்கிவிடும். திறந்தும் நீர் வராவிட்டால் துளையைச் சேறு அடைத்திருக்கிறது என்று பொருள். மெல்லிய கம்பியால் குத்தி விடலாம். வந்த நீரைக் கொட்டுவதற்குமுன் உற்றுப் பாருங்கள். செம்மண் நிறம் துருவைக் காட்டும். மேலே எண்ணெய் மிதந்தாலும், என்ஜின் எண்ணெய்க் கோல் மோர் போன்ற வெண்மையுடன் வந்தாலும், கழுவுவதால் பயனில்லை. கேஸ்கட்டைப் பார்க்க மெக்கானிக்கை அழைக்க வேண்டியதுதான்.

பின்னர்த் திருகுகளை மூடி, நல்ல தண்ணீர் நிரப்பி, என்ஜினை ஓடவிடுங்கள். மேல் ஹோஸ் குழாய் சூடேறும்போது தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என அறியலாம். அதற்குப் பின்பே தண்ணீர் ரேடியேட்டர் வழியாக முழுச் சுற்று சுற்றும். அதன்பின் பத்து நிமிஷம் ஓடட்டும். நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, வடித்துவிடுங்கள். வடிகின்ற நீர் தெளியும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். ஆறும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் சூடான என்ஜினில் குளிர்நீர் ஊற்றுபவர் ஹெட்டில் விரிசலை விலைக்கு வாங்குகிறார். கழிவறை கழுவும் ஆசிட்டை ரேடியேட்டரில் ஊற்றும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அலுமினியப் பாகங்களை அது அரித்துவிடும். சலவைச் சோடாவும் அப்படியே. காரை மிகுந்திருந்தால் அதற்கென்றே விற்கும் மருந்தைப் புட்டியின்மேல் எழுதியுள்ளபடி உபயோகிக்கலாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் வண்டி சூடாகாது என்று சொல்லும் ஓட்டுநர்கள் உளர். இது தவறான யோசனை. வேண்டிய சூட்டை எட்டாத என்ஜின் டீசலை வீணாக்கும். உள்ளே தேய்மானமும் கூடும். ஐயமிருந்தால் அதைக் கழற்றி, ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூலால் தொங்கவிட்டுச் சூடாக்கிப் பாருங்கள். அதன்மேல் பொறித்துள்ள டிகிரியை ஒட்டித் திறந்தால் நல்லது. கொதிக்கும் நீரிலும் திறவாவிட்டால் புதியது வாங்குங்கள்.

வெளிப்புறத்தையும் மறக்கலாகாது. கதிரடிப்புக் காலத்தில் வைக்கோல் துரும்பும் பதரும் ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே புகுந்து காற்றை அடைக்கின்றன. என்ஜின் பக்கத்திலிருந்து முன்புறம் நோக்கி மெதுவாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவினால் புகுந்த வழியே வெளிவரும். வேகமாக அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

நிரப்பும்போதுதான் பலர் கணக்குத் தவறுகின்றனர். வடித்த பின்னும் சிறிது நீர் உள்ளே தங்குகிறது. ஆகவே பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால் கூலண்ட் நீர்த்துவிடும். கைப்புத்தகத்தில் மொத்தக் கொள்ளளவு 10 லிட்டர் எனக் கண்டிருந்தால், முதலில் 5 லிட்டர் தனிக் கூலண்டை ஊற்றிவிட்டு, மீதியைப் பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். கடைசித் தடவை அலசுவதற்கும் அந்த நீரே ஏற்றது. ஏற்கெனவே நீர் கலந்து விற்கப்படும் கூலண்டில் மேலும் நீர் சேர்க்கலாகாது. புட்டியைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். நிறம் ஒன்றாயிருப்பதால் வகையும் ஒன்று என எண்ணி இருவேறு கூலண்டுகளைக் கலப்பதும் கூடாது.

மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டால் உள்ளே சிக்கிய காற்று குமிழியிட்டு வெளியேறும். மூடியைத் திறந்தபடியே என்ஜினை நிதானமாக ஓட்டுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும் சமயத்தில் மட்டம் சட்டென்று இறங்கும். அப்போது ஊற்றி நிரப்பி மூடிவிட வேண்டும். நூல் மூட்டை ஏற்றும் வேனில் ஹீட்டர் இருந்தால் அதையும் திறந்து வைக்க வேண்டும். இல்லையேல் அதன் குழாயில் காற்று தங்கிவிடும்.

வடித்த பழைய கூலண்ட் கொடிய விஷம். இனிப்பாக வேறு இருக்கும். நாயும் கன்றும் நக்கிக் குடித்துச் சிறுநீரகம் கெட்டு மாண்டுபோகும். குழந்தைகளுக்கும் அதே அபாயம் உண்டு. வாய்க்காலிலோ, கிணற்றோரத்திலோ, கழனித் தொட்டியருகிலோ ஊற்றலாகாது. குடிநீர்ப் புட்டியில் அடைத்து வைப்பதும் கூடாது. எழுதி ஒட்டிய டப்பாவில் மூடிவைத்து, கழிவு எண்ணெயைச் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படையுங்கள். யாரேனும் தவறிக் குடித்துவிட்டால், அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.

மறுநாள் காலை, என்ஜினைக் கிளப்புவதற்கு முன் மட்டத்தைப் பார்த்து, குறைந்திருந்தால் அதே கலவையை ஊற்றுங்கள். ஹோஸ் கிளாம்புகளின் கீழ் ஈரமுண்டா என்று தடவிப் பாருங்கள். வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையிலிருந்து சொட்டுமானால் உள்ளே சீல் தேய்ந்துவிட்டது. உழவுக்கு அனுப்புமுன் பம்பை மாற்றிவிடுவது நலம். மாற்றிய தேதியையும், ஊற்றிய கூலண்டின் வகையையும், அளவையும், வண்டியின் மணிக் கணக்கையும் பதிவேட்டில் எழுதுங்கள். அடுத்த முறை எப்போது என்பதை வண்டியின் கைப்புத்தகம் கூறும். அந்தத் தேதியையும் அதே வரியில் குறித்துக்கொள்ளலாம்.