தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லலாம், தண்ணீரில் கலந்ததைச் சொல்லலாகாது

மின்னணுவியல் படிக்கும் ஒரு கல்லூரி மாணவருக்குச் சிறிய ஏ.எம். ஒலிபரப்பி ஒன்றை உருவாக்குவது பெரிய காரியமன்று. சில டிரான்சிஸ்டர்கள், ஒரு சுருள், ஒரு ஒலிவாங்கி, கூரைக்கு மேல் இழுத்துக் கட்டிய ஒரு கம்பி ஆகியவை போதும். அன்னவாசலில் ஒரு வீட்டின் பின்கட்டில் அமர்ந்தபடி தன் தெருவுக்கும் பக்கத்துக் குடியிருப்புக்கும் பேசிவிடலாம். மறுநாள் காவல் நிலையத்திலிருந்து வருபவர் கேட்கும் முதற்கேள்வி, "உரிமம் எங்கே?" என்பதாகத்தான் இருக்கும். அந்த மாணவர் உரிமம் கேட்டு எந்த அலுவலகத்துக்குப் போயிருந்தாலும் வெறுங்கையுடனேயே திரும்பியிருப்பார். இந்தியாவில் தனியாரோ சமூக அமைப்போ ஏ.எம். நிலையம் நடத்துவதற்கு உரிமம் வழங்கும் ஏற்பாடே கிடையாது. எஃப்.எம். அலைவரிசையில் ஒரு சிறு வாசல் திறந்திருக்கிறது. அதன் வழியே யார் நுழையலாம், நுழைந்தவர் எதைப் பேசலாம் என்பதையே இங்கு விளக்க விரும்புகிறோம்.

முதலில் ஏ.எம். பற்றிச் சில சொற்கள். மத்திய அலை நிலத்தை ஒட்டிப் பயணிக்கும் இயல்புடையது. மிகச் சாதாரணமான பெட்டியும் அதைப் பிடித்துவிடும். புதுக்கோட்டை வட்டாரத்தின் மூத்த தலைமுறைக்கு வானொலி என்றாலே 1939 மே மாதம் தொடங்கப்பட்ட திருச்சிராப்பள்ளி நிலையந்தான். 936 கிலோஹெர்ட்ஸில் அது பரவலாகக் கேட்டது. அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 320 மீட்டர். முறையாக ஒலிபரப்ப 80 மீட்டர் உயரக் கோபுரம் வேண்டும். கூரைக் கம்பியோடு இயங்கும் சிறு கருவி சில தெருக்களைத் தாண்டாது. அமெரிக்காவில் ஏ.எம். பட்டையில் 100 மில்லிவாட் ஆற்றலுக்கும் 3 மீட்டர் வானலைக் கம்பிக்கும் உட்பட்டு எவரும் உரிமமின்றி ஒலிபரப்பலாம் என்பது விதி. தெருவளவே கேட்கும் குரலுக்கு அரசின் கையொப்பம் எதற்கு என்பது அந்த விதியின் எளிய தர்க்கம்.

இந்தியச் சட்டம் இதற்கு எதிர்த்திசையில் தொடங்கியது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம், தந்தியின் மீதான தனியுரிமை அரசுக்கே என்று அறிவித்தது. 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றிக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்தி உரிமப் புத்தகத்தில் முத்திரை பெற்ற காலத்தை நம் பெற்றோர் அறிவர். கேட்பதற்கே அனுமதி வேண்டியிருந்த நாட்டில் பேசுவதற்கான அனுமதியைப் பற்றி எவரும் கேட்கத் துணியவில்லை. காலனி ஆட்சி தன் பாதுகாப்புக்காக எழுதிய இந்தச் சட்டங்களை விடுதலைக்குப் பின் வந்த அரசுகளும் முக்கால் நூற்றாண்டு காலம் கைவிடவில்லை. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அவற்றின் இடத்தில் வந்துள்ளது. வானலை அரசின் பிடியில் இருப்பது மட்டும் மாறவில்லை.

இந்த நிலையில் ஒரு விரிசல் 1995 பிப்ரவரி 9 அன்று விழுந்தது. கிரிக்கெட் போட்டியை ஒளிபரப்பும் உரிமை தொடர்பாக வங்காளக் கிரிக்கெட் சங்கம் தொடர்பான வழக்கில், வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசின் ஏகபோகமும் கூடாது, தனியார் ஏகபோகமும் கூடாது, பொது நலனுக்காக அவை பயன்பட வேண்டும் என்பது அதன் சாரம். நீதிபதிகளுள் ஒருவர் பி.பி.சாவந்த். கிரிக்கெட்டுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு உழைக்கும் மக்களின் பேச்சுரிமைக்கு ஆவணமாகிப் போனது வரலாற்றின் விளையாட்டுகளுள் ஒன்று. ஆனால் தீர்ப்பின் பயனை முதலில் அறுவடை செய்தவர்கள் ஏலத்தில் பணம் கட்ட முடிந்த வணிக எஃப்.எம். நிறுவனங்கள். அடுத்து 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்களுக்கு வாசல் திறந்தது. 2004 பிப்ரவரியில் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் நிலையம் நாட்டின் முதல் வளாக வானொலியாகத் தொடங்கியது. மூலதனமும் கல்லூரிக் கட்டடமும் இல்லாதவர்கள் இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்படிக் காத்திருந்தவர்களுள் முதன்மையானவர்கள் தலித் பெண்கள். இன்றைய தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில், டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் சங்கங்களில் இணைந்திருந்த அப்பெண்கள் பெரும்பாலும் கூலி உழவர்கள். தங்கள் விதை, தங்கள் பாட்டு, தங்கள் மருத்துவம் ஆகியவற்றைத் தங்கள் குரலிலேயே பகிர ஒரு வானொலி வேண்டுமென்று அவர்கள் கேட்டனர். யுனெஸ்கோவின் துணையுடன் 1998இல் மச்சனூர் கிராமத்தில் ஒலிப்பதிவுக் கூடமும் கோபுரமும் எழுந்தன. உரிமம் மட்டும் வரவில்லை. ஜெனரல் நரசம்மா, ஆல்கோல் நரசம்மா என்று அறியப்பட்ட இரு தலித் பெண்கள் நிலையத்தைப் பொறுப்பேற்று நடத்தினர். ஒலிபரப்ப முடியாத நிகழ்ச்சிகளை ஒலிநாடாவில் பதிந்து, ஊர் ஊராகச் சங்கக் கூட்டங்களில் ஒலிக்கச் செய்தனர். பத்து ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

2000ஆம் ஆண்டு ஜூலையில் அவர்களது பஸ்தாபூரில் கூடிய சமூக வானொலி ஆர்வலர்கள், வானலையில் மக்களுக்கென்று மூன்றாவதொரு பங்கு வேண்டுமென்று கோரினர். அக்கோரிக்கை தொண்டு அமைப்புகளையும் அனுமதிக்கும் கொள்கையாக மாற 2006 நவம்பர் ஆயிற்று. 2008 அக்டோபர் 15 அன்று 'சங்கம் ரேடியோ' 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கத் தொடங்கியது. அதைத் தொடங்கி வைத்தவர் 1995 தீர்ப்பை எழுதிய அதே சாவந்த். ஒரு தீர்ப்பு நீதிமன்றத்திலிருந்து ஒரு தலித் பெண்ணின் ஒலிவாங்கிவரை வந்து சேர எடுத்துக்கொண்ட காலம் பதின்மூன்று ஆண்டுகள்.

எல்லோரும் காத்திருக்கவில்லை. பீகாரின் வைசாலி மாவட்டம் மன்சூர்பூரில், மின்கருவிகள் பழுதுபார்க்கும் சிறு கடையிலிருந்து ராகவ் என்னும் இளைஞர் 'ராகவ் எஃப்.எம்.' நடத்தினார். கருவிக்கு ஆன செலவு ஏறத்தாழ 50 ரூபாய். பாட்டோடு காணாமற்போன குழந்தைகள் பற்றிய அறிவிப்பும் நோய்த் தடுப்புச் செய்தியும் அதில் வந்தன. உலக ஊடகங்கள் வியந்து எழுதின. அந்தப் புகழே அதற்கு எமனாயிற்று. 2006 மார்ச்சில், உரிமமற்றது என்று அது மூடப்பட்டது. கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் பூதிக்கோட்டையில் 'நம்ம த்வனி' குழுவினர் வேறு வழி கண்டனர். வானலை மறுக்கப்பட்டதால் தொலைக்காட்சிக் கேபிள் கம்பி வழியே தம் குரலை வீடுகளுக்கு அனுப்பினர்.

இன்று நாட்டில் 500க்கும் மேற்பட்ட சமூக வானொலிகள் உள்ளன. தமிழகத்திலும் பல உண்டு. ஆனால் அவற்றை நடத்துவோரின் பட்டியலைப் பார்த்தால் கல்லூரி நிர்வாகங்களே மிகுதி. ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் தானம் அறக்கட்டளை உருவாக்கிய களஞ்சியம் வானொலி போன்றவை விதிவிலக்குகள். காரணம் விதியிலேயே இருக்கிறது. தனிமனிதர் விண்ணப்பிக்க முடியாது. பதிவு பெற்று மூன்று ஆண்டுகளான அமைப்பாக இருக்க வேண்டும். அரசியல் கட்சிகளும் அவற்றோடு இணைந்த மாணவர், மகளிர், தொழிற்சங்க அமைப்புகளும் தகுதியற்றவை. தலித் மக்கள் கட்டியெழுப்பிய அமைப்புகளுள் எத்தனை இந்தச் சல்லடையில் தேறும் என்று வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம். பிறகு உள்துறையின் ஒப்புதல், அலைவரிசை ஒதுக்கீடு, கோபுரத்துக்கான அனுமதி என்று கோப்பு அமைச்சகங்களுக்கிடையே நடக்கும். 2012இல் அலைக்கற்றைக்கான ஆண்டுக் கட்டணத்தை 19,700 ரூபாயிலிருந்து 91,000 ரூபாய்க்கு உயர்த்த முயன்றார்கள். நிலையங்கள் எதிர்த்ததால் அது நிறுத்தி வைக்கப்பட்டது.

இவ்வளவையும் தாண்டி அன்னவாசலில் ஒரு தலித் மகளிர் அமைப்பு உரிமம் பெற்றுவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். 50 வாட் ஒலிபரப்பி, 30 மீட்டர் கோபுரம், சுற்றிலும் பத்துக் கிலோமீட்டர் வரை கேட்கும் குரல். அந்த நிலையம் எதைப் பேசலாம்? வேளாண்மை, உடல்நலம், கல்வி, நாட்டார் பாடல் எல்லாம் பேசலாம். செய்தியும் நடப்பு நிகழ்வுகளும் கூடாது. பின்னர் தந்த தளர்வின்படி ஆகாசவாணியின் செய்தியை அப்படியே மறு ஒலிபரப்புச் செய்யலாம். உள்ளூர் நிர்வாகம் தரும் மின்தடை, குடிநீர் விநியோகம், நோய் எச்சரிக்கை போன்ற அறிவிப்புகளைச் சொல்லலாம். அவை 'செய்தி' ஆகா.

இவ்விதியை வேங்கைவயலில் வைத்துப் படிக்க வேண்டும். அன்னவாசல் ஒன்றியம் முட்டுக்காடு ஊராட்சியைச் சேர்ந்தது அவ்வூர். அங்குள்ள பட்டியல் சாதி மக்களின் குழந்தைகள் நோயுற்று, குடிநீரின் மீது ஐயம் எழுந்து, 2022 டிசம்பர் 26 அன்று மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது அதில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அதையொட்டி ஆய்வுக்கு வந்த அதிகாரிகளின் முன்னிலையிலேயே இறையூரின் கோயில் நுழைவு மறுப்பும் தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையும் வெளிப்பட்டன. வழக்கு சிபிசிஐடிக்கு மாறியது. 2025 ஜனவரியில் அந்த அமைப்பு, பாதிக்கப்பட்ட குடியிருப்பைச் சேர்ந்த மூவரையே குற்றஞ்சாட்டியது. ஊர் மக்களும் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி, மார்க்சிஸ்ட் கட்சி உள்ளிட்டோரும் அதை ஏற்கவில்லை. மத்தியப் புலனாய்வு விசாரணை கோரினர்.

அந்நாட்களில் அன்னவாசலில் முறையான உரிமத்தோடு ஒரு சமூக வானொலி இயங்கியிருந்தால் என்ன செய்திருக்க முடியும்? "நாளை காலை லாரியில் குடிநீர் வழங்கப்படும்" என்னும் ஊராட்சியின் அறிவிப்பைப் படிக்கலாம். தொட்டியில் ஏறியவர் தாம் கண்டதை ஒலிவாங்கியில் சொன்னால் அது நடப்பு நிகழ்வு, உரிமத்துக்கு ஆபத்து. குற்றப்பத்திரிகையை மறுக்கும் ஒரு தாயின் குரல் அதைவிட ஆபத்தானது. தொலைக்காட்சிச் செய்தி அலைவரிசைகளோ நூற்றுக்கணக்கில் நாள் முழுதும் இதே வழக்கை விவாதிக்கலாம். கோடிகள் இருந்தால் செய்தி சொல்லும் உரிமையும் உண்டு. வானொலியில் செய்தித் தடையை எதிர்த்து 2013இல் காமன் காஸ் அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. தடை இன்னும் நீங்கவில்லை.

பிறர் செய்தியைச் சுமப்பது நமக்குப் புதிதன்று. ஊர் அறிவிப்பைப் பறையடித்துச் சொல்லும் தண்டோரா வேலை தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் மீது சுமத்தப்பட்டது. 2022 ஆகஸ்டில்தான் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் அவ்வழக்கத்தை நிறுத்துமாறு ஆட்சியர்களுக்கு எழுதினார். பறை நம் கையில், சொல் ஊராருடையது என்பதே அந்த ஏற்பாடு. நிர்வாகத்தின் அறிவிப்பை மட்டும் படிக்கலாம் என்னும் உரிம விதி அதே ஏற்பாட்டை மின்னணு வடிவில் தொடர்கிறது என்பது எம் கருத்து. 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசனும், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்திய அயோத்திதாசரும், 1920இல் 'மூக்நாயக்' வெளியிட்ட அம்பேத்கரும் முதலில் கைப்பற்றியது செய்தியைச் சொல்லும் உரிமையைத்தான்.

அரசுகள் அஞ்சுவதும் அதற்கே. பொலிவியாவின் தகரச் சுரங்கத் தொழிலாளர்கள் 1940களின் இறுதியிலிருந்து தம் கூலியில் ஒரு பங்கைக் கொடுத்துச் சொந்த வானொலிகளை நடத்தினர். 1980 ஜூலையில் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தபோது, அச்சிறு நிலையங்கள் சங்கிலியாக இணைந்து நடப்பதைச் சொல்லிக்கொண்டே இருந்தன. படைகள் ஒவ்வொன்றாக வந்து கைப்பற்றும்வரை அவை ஓயவில்லை.

ஆயினும், உரிமமின்றிக் கோபுரம் எழுப்புமாறு எவரையும் நாம் தூண்டவில்லை. கட்டுப்பாடற்ற ஒலிபரப்பு பிறர் அலைவரிசையைக் கெடுக்கும். அதைவிட முக்கியமானது, ராகவின் நிலையம் மூடப்பட்டது. சாதி மோதலின் நடுவில் இருக்கும் ஒரு தலித் இளைஞர் மீது அதே சட்டப்பிரிவு பாய்ந்தால் அதனோடு வேறு எத்தனை பிரிவுகள் சேரும் என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம்.

செய்யக்கூடியவை சில உள்ளன. இணையவழி ஒலிபரப்புக்கு அலைவரிசை உரிமம் தேவையில்லை. ஆனால் நாள்கூலிக்குச் செல்லும் பெண்ணின் கையில் அதற்கான கைப்பேசியும் ஓய்வும் இருக்க வேண்டும். மச்சனூர்ப் பெண்களின் பழைய முறை அதைவிட எளியது. பதிவு செய்து, திண்ணையில் பத்துப்பேர் நடுவே ஒலிக்கவிட்டு, கேட்டவர்களின் மறுமொழியையும் பதிவு செய்வது. அதற்கு எந்த அமைச்சகத்தின் கையொப்பமும் வேண்டியதில்லை. இப்பணியைச் செய்யும் குழுக்கள் இப்போதே சங்கமாகப் பதிவு செய்துகொண்டால், மூன்றாண்டு விதி அவர்களைத் தடுக்காது. சட்டம் படிக்கும் மாணவர்கள் கையிலெடுக்க வேண்டிய கோரிக்கைகள் இரண்டு. தெருவளவு ஆற்றலில் இயங்கும் ஒலிபரப்புக்கு ஏ.எம். பட்டையில் உரிம விலக்கு வேண்டும். அதற்கும் முன்னால், சமூக வானொலி தன் ஊர்ச் செய்தியைத் தானே சொல்லும் உரிமை வேண்டும்.