இரு பக்கமும் ஒரே எண்

தொழிற்பயிற்சியின்போது நான் கற்ற ஒரு பாடத்தை இம்மலரின் வழி உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

மெயின்பிரேம் என்றால் அருங்காட்சியகப் பொருள் என்றே நான் எண்ணியிருந்தேன். ஆனால், ஐபிஎம் நிறுவனத்தின் இசட்/விஎம் மென்பொருள் ஒரே இயந்திரத்திற்குள் நூற்றுக்கணக்கான மெய்நிகர் கணினிகளை இயக்க வல்லது. 2003-இல் வெளிவந்த 4.4 பதிப்பு முதல், அவற்றை இணைக்கும் மெய்நிகர் சுவிட்சும் அதனுள்ளேயே உள்ளது. ஓஎஸ்ஏ எனும் பிணைய அட்டையின் வழி அது வெளியிலுள்ள சுவிட்சோடு இணைகிறது.

ஒரே கம்பியில் செல்லும் தரவுகளைத் தனித்தனிப் பிணையங்களாகப் பிரிப்பதே விலேன். நான் ஆரம்பப்பள்ளிக்குச் சென்ற வேனில் தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, தேசியப்பள்ளி மாணவர்கள் ஒன்றாகவே அமர்ந்திருப்போம். சட்டையிலுள்ள பள்ளிச் சின்னம்தான் யாரை எங்கு இறக்குவது என்று காட்டும். 802.1கியூ தரநிலை ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் சேர்க்கும் 4 பைட் முத்திரையும் அத்தகைய சின்னமே. அதில் 12 பிட்டுகள் விலேன் எண்ணுக்குரியவை. 1 முதல் 4094 வரை பயன்படுத்தலாம்.

மெய்நிகர் சுவிட்சில், எந்தக் கணினிக்கு எந்த எண் என்று அனுமதி வழங்க வேண்டும். வெளிச் சுவிட்சில், அட்டை இணைந்துள்ள போர்ட்டை ‘டிரங்க்’ வகையாக அமைத்து, அதே எண்களை அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். முத்திரையில்லாத பொட்டலங்களுக்குரிய ‘நேட்டிவ்’ எண்ணும் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். சிக்கல் என்னவெனில், மெயின்பிரேம் ஒரு குழுவின் கையிலும் சுவிட்ச் வேறொரு குழுவின் கையிலும் இருக்கும். இரண்டுக்கும் பாலம் ஒரு படிவம்தான்.

விலேன் 210-க்கான படிவத்தை நிரப்பியவன் நான். எல்லாம் நன்றாகவே இயங்கியது. ஒரு சனிக்கிழமை இரவு, மாற்று அட்டையைச் சோதிக்க முதல் அட்டையின் கம்பியைக் கழற்றினார்கள். இரண்டாம் அட்டை உடனே பொறுப்பேற்றது. பழைய பிணையங்கள் தொடர்ந்து இயங்கின. 210 மட்டும் ஊமையானது. அதிலுள்ள கணினிகள் தமக்குள் பேசிக்கொண்டன. வெளியே எதுவும் எட்டவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. பட்டியலில் இல்லாத எண்ணைச் சுவிட்ச் சத்தமின்றிக் கைவிட்டுவிடும்.

இரண்டாம் அட்டை வேறொரு சுவிட்சோடு இணைந்திருந்தது. என் படிவத்தில் முதல் சுவிட்சின் போர்ட் மட்டுமே இருந்தது. எனக்கு அது சட்டென்று புரிந்தது. ஆயினும், எல்லாரும் மெயின்பிரேம் பக்கமே தேடிக்கொண்டிருக்க, பயத்தில் நான் ஒரு மணி நேரம் வாய் திறக்கவில்லை. பயிற்சி மதிப்பெண் போய்விடுமோ என்ற அச்சம்! இறுதியில் மூத்த பொறியாளரிடம், “அண்ணே, தப்பு என்னோடது,” என்றேன்.

அவர் படிவத்தைப் பார்த்துவிட்டு, “தப்பு எல்லாரும் செய்வாங்க தம்பி. முதல்லயே சொல்லியிருந்தா எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம்,” என்றார். பட்டியலில் எண்ணைச் சேர்க்கச் சில நிமிடங்களே ஆயின.

அன்று முதல் என் படிவத்தில் ஒவ்வோர் அட்டைக்கும் தனி வரி உண்டு: சுவிட்ச், போர்ட், அனுமதித்த எண்கள், நேட்டிவ் எண். மாற்று வழியையும் சோதித்த பிறகே கையொப்பமிடுகிறேன். தொழிற்பயிற்சிக்குச் செல்லவிருக்கும் தம்பி தங்கைகளே, தெரிந்த தவற்றை உடனே சொல்லிவிடுங்கள். சுவிட்ச் மௌனமாக இருக்கலாம், நாம் இருக்கக்கூடாது.