விரலை நீட்டுங்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள்

இந்த நொடி – 9

டோக்கியோவில் பல ரயில்களில், ஓட்டுநர் அறைக்குப் பின்னால் உள்ள கண்ணாடி வழியாக அவர் வேலை செய்வதைப் பயணிகள் பார்க்கலாம். அறையில் அவர் ஒருவர்தான். ஆனாலும் பேசிக்கொண்டே இருக்கிறார். வெள்ளைக் கையுறை போட்ட கையை நீட்டி, எதிரே தெரியும் சிக்னலைச் சுட்டிக்காட்டி, அதன் நிலையை உரக்கச் சொல்கிறார். நேர அட்டவணையில் அடுத்த நிலையத்தின் மேல் விரலை வைத்துப் படிக்கிறார். வேகமானியைச் சுட்டி வேகத்தைச் சொல்கிறார். அவருடைய காதுகளைத் தவிர அதைக் கேட்க அங்கே யாரும் இல்லை.

இதை ஷிசா கான்கோ என்கிறார்கள். ஜப்பான் ரயில்வேயில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவரும் பழக்கம். கோபே நகரில் பார்வை மங்கிவந்த ஓட்டுநர் ஒருவர், சிக்னல் என்ன நிறம் என்று தன் உதவியாளரிடம் திரும்பத் திரும்ப உரக்கக் கேட்டு உறுதி செய்துகொண்டதில் இது பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, பலனை அளந்தே பார்த்துவிட்டார்கள். 1994-ல் அந்நாட்டின் ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் செய்த சோதனையில், எதுவும் சொல்லாமல் வேலையைச் செய்தபோது 100 செயல்களுக்கு 2.38 தவறுகள் நேர்ந்தன. சுட்டிக்காட்டி, வாய்விட்டுச் சொல்லிச் செய்தபோது 0.38. ஆறில் ஒரு பங்குக்குக் குறைந்துவிட்டது.

நம் ரயில்களிலும் எஞ்சினில் இருக்கும் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் ஒவ்வொரு சிக்னலின் நிறத்தையும் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்கிறார்கள். நியூயார்க் சுரங்க ரயிலில், நடைமேடையின் நடுவில் தொங்கும் கறுப்பு வெள்ளைப் பட்டைப் பலகையை விரலால் சுட்டிக்காட்டிய பிறகுதான் நடத்துநர் கதவைத் திறக்க வேண்டும். 1996 முதல் அங்கே அதுதான் விதி.

ஆயிரம் முறை பார்த்த சிக்னலைக் கண் பார்க்கும், மனம் பார்க்காது. 'பச்சையாகத்தான் இருக்கும்' என்று நேற்றைய நினைவு வந்து இன்றைய காட்சியின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். கை நீள வேண்டும், வாய் சொல்ல வேண்டும், சொன்னது காதில் விழ வேண்டும் என்று ஆகிவிட்டால், அந்த இரண்டு நொடிகளுக்கு மனம் வேறு எங்கும் போக முடியாது.

சென்ற வாரம் மூச்சைக் கவனிப்பது பற்றிப் பேசினோம். கண்ணை மூடி உட்கார்ந்தாலே கவலைகள்தான் வரிசை கட்டி வருகின்றன என்பவர்கள் நிறைய. அவர்கள் மனத்தில் எந்தக் கோளாறும் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மேத்யூ கில்லிங்ஸ்வர்த், டேனியல் கில்பெர்ட் இருவரும் 2250 பேரிடம் செல்போன் செயலி வழியாக, வெவ்வேறு நேரங்களில், 'இப்போது என்ன செய்கிறீர்கள், எதை நினைக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டார்கள். 2010-ல் வெளியான முடிவின்படி 46.9 விழுக்காடு நேரம் மனம் செய்கிற வேலையில் இல்லை. அப்படி அலைந்தபோது மக்கள் மகிழ்ச்சி குறைந்தே இருந்தார்கள். இனிமையான ஒன்றை நினைத்து அலைந்தபோதுகூட, செய்கிற வேலையில் மனம் இருந்தபோது கிடைத்ததைவிடக் கூடுதல் மகிழ்ச்சி கிடைக்கவில்லை. இந்தக் கடைசிச் செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பகற்கனவு நமக்கு இன்பம் தருகிறது என்று நம்பித்தானே அதன் பின்னால் போகிறோம்!

கண்ணை மூடி உட்கார முடியாதவர்களுக்கு, கண்ணைத் திறந்துகொண்டே செய்யக்கூடிய இந்த ரயில்வே வழியை நான் முழு மனதோடு சிபாரிசு செய்வேன். வெளியே கிளம்பும்போது சிலிண்டரின் ரெகுலேட்டரை விரலால் காட்டி 'கேஸ் மூடியிருக்கு' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கதவைப் பூட்டியதும் பூட்டை ஒருமுறை இழுத்து, 'பூட்டு விழுந்திருக்கு' என்று சொல்லுங்கள். 'பூட்டிட்டேன்' என்பது போதாது. அது நீங்கள் செய்ததைச் சொல்கிறது. பூட்டு இப்போது எப்படி இருக்கிறது என்பதைச் சொல்வதற்குத்தான் பார்க்க வேண்டியிருக்கும். காலை மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்று மதியம் குழம்பும் பெரியவர்களுக்கு இது பெரிய துணை. மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, அதன் பெயரையும் வேளையையும் சொல்லிவிட்டு விழுங்கலாம். பாதித் தெருவிலிருந்து திரும்பி ஓடிவந்து கதவை இழுத்துப் பார்க்கும் அவஸ்தையும் குறையும்.

எல்லாவற்றுக்கும் செய்யத் தொடங்கினால் அலுத்துவிடும். தினமும் கைமறதியாகச் செய்யும் ஏதாவது ஒன்றிரண்டு வேலைகள் போதும். பேருந்து ஜன்னலோரத்தில் மனம் பறந்தால் பறக்கட்டும். அதையும் பிடித்துக் கட்டிவைக்க வேண்டியதில்லை.

நமக்கு இது புதிதும் இல்லை. களத்தில் நெல் அளப்பவர் முதல் மரக்காலை 'லாபம்' என்று தொடங்குவார், அடுத்தது 'ரெண்டு'. அந்த எண்ணையே ராகமாக இழுத்துச் சொல்லிக்கொண்டே அடுத்த மரக்காலை நிரப்புவார். ஏற்றம் இறைத்தவர்கள் எத்தனை சால் என்பதைப் பாட்டிலேயே எண்ணினார்கள். கச்சேரியில் தொடையில் தாளம் போடும் ரசிகரைப் பாருங்கள். ஆதி தாளம் என்றால் ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டே எண்ணிக்கை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் எங்கெங்கோ சுற்றி வரும்போது, வீட்டுக் கடன் தவணை ஒரு கணம் நினைவுக்கு வந்தால் போதும், விரல் தடுமாறிவிடும். மனம் நழுவியதைக் கை அந்த இடத்திலேயே காட்டிக்கொடுக்கிறது. தாளம் தெரியாதவர்கள்கூடக் கற்றுக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கப் போட்டுப் பார்க்கலாம். அந்தப் பாட்டை அன்றுதான் முதன்முறையாகக் கேட்பது போலிருக்கும்.

வியட்நாமிய பௌத்தத் துறவி திக் நாட் ஹான், 1982-ல் பிரான்சில் நிறுவிய பிளம் வில்லேஜ் மடத்திலும் இப்படியொரு முறை உண்டு. கை கழுவ, குழாயைத் திறக்க, பாத்திரம் தேய்க்க என்று ஒவ்வொன்றுக்கும் சிறு செய்யுள். வேலையைத் தொடங்குமுன் அதை மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். தொலைபேசி மணி அடித்தால் உடனே பாய்வதில்லை. நின்று, மூச்சைக் கவனித்துவிட்டுத்தான் எடுக்கிறார்கள்.

பூட்டை விரலால் காட்டிச் சொல்லலாம், மனிதர்களை என்ன செய்வது? உண்மையில் நாம் அதிகம் தவறவிடுவது மனிதர்களைத்தான். எதிரே ஒருவர் பேசிக்கொண்டிருக்க, நம் மனம் அடுத்து என்ன பதில் சொல்லலாம் என்பதிலோ போனிலோ இருக்கிறது. பாட்டிகள் கதை சொல்லும்போது குழந்தை 'ம்' கொட்டியாக வேண்டும். 'ம்' நின்றால் கதையும் நின்றுவிடும். இன்றைக்கு வீட்டில் 'ம்' மட்டும் தாராளமாக வருகிறது, அதற்குப் பின்னால் காது இல்லை.

விமானிகளிடம் இதற்கு ஒரு வழி இருக்கிறது. எந்த உயரம், எந்த ஓடுபாதை என்று கட்டுப்பாட்டு அறை சொன்னதை விமானி அப்படியே திருப்பிச் சொல்வார். தவறாக இருந்தால் அங்கேயே திருத்துவார்கள். வீட்டிலும் அதைச் செய்யலாம். பள்ளியில் நடந்ததை மகள் சொல்லி முடித்ததும் புத்திமதியை ஆரம்பிக்காதீர்கள். 'டீச்சர் உன்னைத் திட்டினதைவிட, பக்கத்தில இருந்தவ சிரிச்சதுதான் உனக்கு வலிச்சிருக்கு, இல்லையாம்மா?' என்று அவள் சொன்னதையே திருப்பிச் சொல்லிப் பாருங்கள். சரியாகச் சொல்லியிருந்தால் அவள் தலையசைத்துவிட்டு மேலே பேசுவாள். தப்பாக இருந்தால், 'இல்லப்பா, அவ சிரிக்கல, நான் தண்ணி கேட்டப்ப திரும்பிக்கிட்டா' என்று திருத்துவாள். அவள் அதுவரை சொல்லாமல் வைத்திருந்தது பெரும்பாலும் அந்தத் திருத்தத்தில்தான் வெளியே வரும்.

(தொடரும்)